கால் பெருவிரல் புடைப்பு: வலி குறைய முதலில் எது, அடுத்து எது

கால் பெருவிரலின் அடிமூட்டு பக்கவாட்டில் துருத்தி, விரல் நுனி இரண்டாவது விரல் பக்கம் சாய்ந்திருந்தால் அதுதான் பன்யன். எக்ஸ்-ரே ரிப்போர்ட்டில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று போட்டிருக்கும். வீட்டில் "எலும்பு வளர்ந்திருக்கு" என்பார்கள். மருந்துக்கடையில் கால் ஆணி என்று நினைத்து பிளாஸ்திரி கொடுப்பார்கள். இரண்டுமே தப்பு. தப்பான பெயர் தப்பான வைத்தியத்தில்தான் கொண்டுபோய் விடும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது வரிசையில். முதலில் ஆன்லைனில் விரலை இழுத்துக் கட்டும் பட்டை வாங்குகிறார்கள். அது பலிக்காமல் ஜெல் உறை, அதுவும் பலிக்காமல் வலி மாத்திரை. காலில் கிடக்கும் செருப்பைக் கடைசியில்தான் குனிந்து பார்க்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது. முதலில் மூட்டுக்கு இடம், பிறகு மெத்தை, பிறகு அசைவு.

1. உள்ளே என்ன ஆகியிருக்கிறது

புதிதாக எந்த எலும்பும் வளரவில்லை. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மற்றக் காலின் பக்கம் விலகுகிறது. விரலோ எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரண்டும் சேரும் இடம் கோணலாகி, நீள எலும்பின் தலை தோலுக்கடியில் வந்து நிற்கிறது. நாம் பார்க்கும் புடைப்பு அந்தத் தலைதான்.

அந்த எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சின்னத் திரவப் பை ஒன்று உண்டு. செருப்பு உரச உரச அது வீங்கிச் சிவக்கும். அன்றாட வலியில் பெரும்பங்கு இந்த உரசலாலும் அழுத்தத்தாலும் வருவது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. வளர்ந்தவர்களுக்கு எலும்பின் கோணத்தை எந்தத் தைலமும், எந்தப் பட்டையும் நிரந்தரமாக நிமிர்த்தாது. ஆனால் உரசலையும் அழுத்தத்தையும் குறைக்க முடியும், அதனால் வலியும் குறையும். வீட்டில் செய்யும் எல்லாமே இந்த இரண்டாவது வேலைக்குத்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பணமும் மிச்சம், ஏமாற்றமும் மிச்சம்.

குடும்பவாகு, தட்டைப் பாதம், தளர்ந்த தசைநார்கள், முடக்குவாதம் ஆகியவை முக்கியக் காரணங்கள். பெண்களுக்கு அதிகம் வருகிறது. முனை குறுகிய காலணி, சாயத் தயாராக இருக்கும் விரலை வேகமாகத் தள்ளிவிடுகிறது. செருப்பே போடாதவர்களுக்கும் இது வருவதுண்டு என்பதால் முழுப் பழியையும் செருப்பின் மேல் போட முடியாது.

2. இது அதுதானா, வேறா?

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

ராத்திரி நன்றாகப் படுத்தவருக்கு விடியற்காலையில் அதே மூட்டு சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் ஆக இருக்கலாம். பன்யன் வலி இப்படி ஒரே ராத்திரியில் வெடிக்காது. நடந்தால், செருப்பு போட்டால் கூடும், கழற்றினால் தணியும். கவுட் தாக்கிய நேரத்தில் ரத்தத்தில் யூரிக் அமிலம் சாதாரண அளவில் இருக்கவும் கூடும். அதனால் ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

புடைப்பு பக்கவாட்டில் இல்லாமல் மூட்டின் மேல்புறம் இருந்து, விரல் மேல்நோக்கி மடங்கவே மறுத்தால் அது மூட்டுத் தேய்மானம். அதற்கு வேறு வழிமுறை.

காலையில் எழுந்ததும் கை, கால் மூட்டுகள் பலவும் அரை மணி, ஒரு மணி நேரம் விறைத்திருந்தால் முடக்குவாதப் பரிசோதனை தேவை. கால் மட்டும் பார்த்துப் பயனில்லை.

கால் ஆணி என்பது தோலில் உருவாகும் கெட்டியான முளை. பன்யன் இருப்பவருக்கு ஆணியும் காய்ப்பும் கூடவே வரலாம். ஆனால் ஆணி பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அதைப் புடைப்பின் மேல் ஒட்டினால் நல்ல தோல்தான் வெந்து புண்ணாகும். உள்ளே இருக்கும் எலும்புக்கு ஒன்றும் ஆகாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இங்கே நிற்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வலியே இல்லாமல் புண் ஆகும். முதலில் மருத்துவரிடம் உணர்ச்சிச் சோதனையும் ரத்த ஓட்டச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். அதுவரை விரலிடைப் பட்டை (இரண்டு விரல்களுக்கு நடுவே செருகும் மிருதுவான துண்டு), ஐஸ், வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். காய்ப்பை பிளேடால் சீவுவது கூடவே கூடாது. புடைப்பின் மேல் தோல் உடைந்திருந்தால், சின்னதாக இருந்தாலும், அன்றைக்கே காட்ட வேண்டும். சீழ், காய்ச்சல், பாதம் மேல்நோக்கிப் பரவும் சிவப்பு இருந்தால் சர்க்கரை இல்லாதவர்களும் அப்படியே.

3. அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

தேவையானவை: இரண்டு வெள்ளைத் தாள், பென்சில், கத்தரிக்கோல், ஸ்கேல், பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானி, போன். நேரம், சாயங்காலம். நாள் முழுக்க நடந்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்று பெருத்திருக்கும், செருப்பு அந்த அளவுக்குத்தான் பொருந்த வேண்டும்.

தாளைத் தரையில் வைத்து, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். வரைவது இன்னொருவராக இருக்கட்டும். நீங்களே குனிந்தால் எடை முன்பக்கம் போய் பாதம் விரிந்துவிடும். பென்சிலை நேராக நிறுத்தி வரையச் சொல்லுங்கள். சாய்த்தால் கோடு பாதத்துக்கு அடியில் நுழைந்து, அளவு சில மில்லிமீட்டர் குறைந்துவிடும். உட்கார்ந்து வரைந்த படம் பயன்படாது.

குதிகாலின் உட்பக்க ஓரத்தையும் புடைப்பின் ஓரத்தையும் தொட்டு ஒரு கோடு, புடைப்பிலிருந்து பெருவிரலின் ஓரத்தை ஒட்டி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். நின்று எடுத்த எக்ஸ்-ரேயில் இந்தச் சாய்வு 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு, 15 முதல் 20 வரை லேசு, 20 முதல் 40 வரை நடுத்தரம், 40க்கு மேல் கடுமை என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். தாளில் எடுத்தது எக்ஸ்-ரே கணக்கு ஆகாது. ஆறு மாதம் கழித்து இதேபோல் வரைந்து ஒப்பிட மட்டும் அது உதவும்.

நேர் மேலிருந்து இரண்டு பாதங்களையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போனால் "கூடியிருக்கா?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

4. செருப்பு, ஷூ: எல்லாவற்றுக்கும் முதல் வேலை

வரைந்த பாதப் படத்தைக் கத்தரித்து எடுங்கள். நீங்கள் தினமும் போடும் ஷூவுக்குள் அதை நுழைத்துப் பாருங்கள். ஓரம் எங்கேயாவது மடிந்தால், சுருண்டால், அந்த இடத்தில்தான் உங்கள் கால் நசுங்குகிறது. பட்டைச் செருப்பாக இருந்தால் அதன் அடித்தட்டின் மேல் படத்தை வையுங்கள். தாள் வெளியே நீட்டினால் செருப்பு குறுகல். வீட்டில் இருக்கும் எல்லா ஜோடிக்கும் இதைச் செய்தால் பாதிக்கு மேல் தேறாது என்பதற்குத் தயாராக இருங்கள்.

புதிதாக வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

நீளம். நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு காலில் பெரியது எதுவோ அதற்கு வாங்குங்கள்.

அகலம். விரல்கள் உள்ளே ஆடி விரிய வேண்டும். அகலம் பற்றவில்லை என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்குவதுதான் கடையில் அடிக்கடி நடக்கும் தவறு. பெரிய நம்பரில் குதிகால் வழுக்கும், பாதம் முன்னால் சறுக்கும், குறுகிய முனையில் விரல் போய் இடிக்கும். அதற்குப் பதில் பெண்கள் அதே நீளத்தில் ஆண்கள் மாடலைப் போட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் முன்பக்கம் அகலமாக இருக்கும்.

குதி உயரம். 3 செ.மீ.க்குள் இருக்கட்டும். உயரம் கூடக் கூட உடல் எடை முன்பாதத்துக்குப் போகிறது, பாதம் ஆப்பு மாதிரி முனைக்குள் இறங்குகிறது.

பட்டை போகும் இடம். புடைப்பின் மேலேயே குறுக்காகப் போகும் பட்டை எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் வேண்டாம். புடைப்புக்குப் பின்னால், பாதத்தின் நடுவில் ஒட்டிப் பிரிக்கும் பட்டையும், குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டையும் உள்ள சாண்டல் நல்லது. பின்பட்டை இல்லாத செருப்பை விழாமல் பிடிக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் சுருங்கிக் கவ்வும். ஹவாய் செருப்பில் இந்தத் தொல்லை அதிகம், அதன் வார் சரியாக மூட்டின் மேலேயே ஏறிப் போகும். பெருவிரலை மட்டும் நுழைக்கும் வளையச் செருப்பு விரலைப் பிடித்து நிறுத்துவதுபோலத் தோன்றும். வளையம் உரசும் இடத்தில் காய்ப்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதையும் விடுங்கள்.

இருக்கிற தோல் ஷூவைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. பழைய வெள்ளை சாக்ஸ் போட்டு, புடைப்பு வரும் இடத்தில் சாக்ஸின் மேல் கொஞ்சம் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். ஷூவுக்குள் காலை விட்டுப் பத்து அடி நடந்து கழற்றினால், உள்ளே சிவப்பாக ஒரு பொட்டு விழுந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் விரித்துத் தரும்படி செருப்புத் தைப்பவரிடம் காட்டுங்கள். அச்சில் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் தோல் இளகும். ரெக்சின் விரியாது, விரித்தாலும் திரும்பச் சுருங்கும், அல்லது தையலில் பிளந்துவிடும்.

லேஸ் ஷூவில் பெருவிரல் பக்கத்து முதல் துளையைக் கோக்காமல் விட்டுவிடுங்கள். புடைப்பின் மேல் இழுவிசை உடனே குறையும். காசு செலவில்லாத வழி இதைவிட எளிதாக இல்லை.

வீட்டுக்குள்ளும் கணக்கு உண்டு. டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பவருக்கு முன்பாதம் எரியும். எம்.சி.ஆர். செருப்பு போன்ற மிருதுவான ஒன்றை வீட்டுக்கென்று தனியாக வையுங்கள். கியர் பைக் ஓட்டுபவர்கள் இடது காலைப் பாருங்கள். கியரை மேலே தூக்கும் கம்பி பெருவிரல் மூட்டில் இடித்தால், அந்தக் கம்பியின் மேல் ரப்பர் உறை போடலாம், அல்லது குதிகால் மிதி உள்ள கியருக்கு மாற்றலாம்.

பள்ளிக்கூட ஷூ தனிக் கதை. ஜூனில் வாங்கியது அடுத்த ஜூன் வரை வர வேண்டும் என்று கால் காத்திருக்காது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தாள் சோதனை செய்யுங்கள். பிள்ளைக்கே விரல் சாய ஆரம்பித்திருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

5. மெத்தையும் விரலிடைப் பட்டையும்

இடம் கிடைத்த பிறகுதான் இது. இறுக்கமான ஷூவுக்குள் பேட் வைத்தால் இறுக்கம் இன்னும் கூடும், வலியும் கூடும். "ஜெல் உறை வாங்கினேன், இன்னும் மோசமாச்சு" என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

ஃபெல்ட் அல்லது நுரை பேட் 3 முதல் 5 மி.மீ. தடிமனில் எடுத்து, நடுவில் ஓட்டை போட்டு வடை மாதிரி வெட்டுங்கள். ஓட்டை, சிவந்த பகுதியைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். புடைப்பு ஓட்டைக்குள் வர வேண்டும். பேட் சுற்றியிருக்கும் நல்ல தோலில் உட்கார வேண்டும். அப்போதுதான் ஷூவின் அழுத்தம் புடைப்பைத் தாண்டிச் சுற்றுப்புறத்துக்குப் போகும். ஓட்டையில்லாத பேட்டை நேராக மேலே ஒட்டினால் புடைப்பை இன்னும் உயரமாக்கியதுதான் மிச்சம்.

ஜெல் உறை உரசலுக்கு மட்டும் நல்லது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். நம் ஊர் வியர்வையில் ராப்பகலாகப் போட்டுக்கிடந்தால் விரலிடுக்கு ஊறி வெளுத்து சேற்றுப்புண் வரும்.

விரலிடைப் பட்டையில் சின்ன அளவில் தொடங்குங்கள். அது பெருவிரலுக்கும் இரண்டாவது விரலுக்கும் நடுவே உரசலைத் தடுத்தால் போதும், விரலை நிமிர்த்த வேண்டியதில்லை. முதல் நாள் அரை மணி நேரம். இரண்டாவது விரல் மூன்றாவதன் மேல் ஏறினால் பட்டை பெரிது. கழற்றியதும் விரல் நுனியை அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பட்டை உங்களுக்கு வேண்டாம்.

மெட்டி போடுபவர்கள் கவனிக்க: விரல் சாயச் சாய மெட்டியின் விளிம்பு பெருவிரலின் பக்கத்தில் அறுக்கும். வீக்கம் வந்தபின் கழற்றுவது பெரும்பாடு. இப்போதே சோப்பு நுரை தடவி ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கழலவில்லை என்றால் நகைக்கடையில் வெட்டி எடுத்துக்கொள்வது பின்னால் ஆஸ்பத்திரியில் வெட்டுவதைவிட நிம்மதி.

இரவில் விரலை நேராகப் பிடித்துக் கட்டும் ஸ்ப்ளிண்ட் சிலருக்குக் காலை விறைப்பைக் குறைக்கலாம். கழற்றியதும் விரல் பழைய இடத்துக்கே போய்விடும். தட்டைப் பாதத்தோடு முன்பாத வலியும் இருந்தால், வளைவைத் தாங்கும் இன்சோல் சில மாதங்களுக்கு வலியைக் குறைக்கும். ஷூவின் பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் இதை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் மேலேறி மறுபடி நசுங்கும்.

6. வலி கிளம்பிய நாட்களில்

சிவந்து வீங்கியிருக்கும் முதல் இரண்டு நாளில் குளிர்ச்சிதான். ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் கொப்புளிக்கும். உட்காரும்போது காலை இடுப்புக்கு மேல் தூக்கி வையுங்கள்.

டைக்ளோஃபெனாக் ஜெல் மேலுக்குத் தடவலாம், தோல் உடைந்திருந்தால் கூடாது. மாத்திரை என்றால் முதலில் பாராசிட்டமால். மற்ற வலி மாத்திரைகள் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து, கேட்காமல் போடாதீர்கள்.

கல் உப்பு போட்ட வெந்நீர் பழைய விறைப்புக்கு இதமாக இருக்கும், புது வீக்கத்துக்கு ஆகாது. விரலைச் சொடுக்கி இழுத்து "சுளுக்கு எடுப்பது" முற்றிலும் வேண்டாம். ஏற்கெனவே தளர்ந்த தசைநாரை அது இன்னும் தளர்த்தும்.

7. பயிற்சி

வீக்கம் தணிந்த பிறகு தொடங்குங்கள். நோக்கம் கோணத்தை மாற்றுவதல்ல. மூட்டு விறைக்காமல் இருக்க வேண்டும், பெருவிரலை மற்ற விரல்களிடமிருந்து விலக்கிப் பிடிக்கும் தசை சோர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம், மூன்று மாதம் செய்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கெண்டைக்கால் நீட்டல் முதலில். கெண்டைக்கால் இறுகியிருந்தால் குதிகால் சீக்கிரம் எழும்பி, எடை முழுக்க முன்பாதத்தில் விழும். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பதிய 30 நொடி. முழங்கால் நேராக மூன்று முறை, சற்று மடக்கி மூன்று முறை.

அடுத்து மூட்டை அசைத்தல். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொடைமேல் போடுங்கள். ஒரு கையால் மூட்டுக்குப் பின்னால் பாதத்தைப் பிடித்து, மறு கையால் விரலின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். மெதுவாக முன்னால் இழுத்து, நேராக்கி 10 நொடி வைத்திருங்கள். அந்த நிலையிலேயே மேலும் கீழுமாகப் பத்து முறை. நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் நெம்புவது தவறு, மூட்டு இன்னும் கோணும்.

மூன்றாவது, விரல் விரித்தல். பாதம் தரையில் பதிந்திருக்க, பெருவிரலை மட்டும் மற்ற விரல்களிடமிருந்து விலக்கி 5 நொடி, 10 முதல் 15 முறை. ஆரம்பத்தில் விரல் துளிகூட அசையாது, மூளை அந்தத் தசையைத் தேடிக்கொண்டிருக்கும். கையால் விலக்கி வைத்து, கையை எடுத்தபின் அங்கேயே பிடிக்க முயலுங்கள்.

நான்காவது, குட்டைப் பாதம். குதிகாலும் முன்பாதமும் தரையில் இருக்க, விரலைச் சுருட்டாமல் முன்பாதத்தைக் குதிகால் பக்கம் இழுத்து உள்வளைவை உயர்த்துங்கள். 5 நொடி, 10 முறை. விரல் நகம் தரையைச் சுரண்டினால் தப்பாகச் செய்கிறீர்கள்.

எல்லா இடத்திலும் சொல்லப்படும் ஒரு பயிற்சி, தரையில் விரித்த துண்டை விரலால் சுருட்டி இழுப்பது. விரல் நன்றாகச் சாய்ந்துவிட்டவர்கள் இதை விட்டுவிடலாம் என்பது எங்கள் எண்ணம். விரலை மடக்கும் தசைநாண் இவர்களுக்கு ஏற்கெனவே இரண்டாவது விரல் பக்கம் நகர்ந்திருக்கும், வில்லின் நாண்போல விரலை இன்னும் அந்தப் பக்கமே இழுக்கும்.

பயிற்சியால் வரும் நோவு மறுநாள் காலைக்குள் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

8. ஆபரேஷன் எப்போது

மேலே சொன்னதையெல்லாம் சில மாதம் ஒழுங்காகச் செய்தும் அகலமான செருப்பிலேயே வலி நிற்கவில்லை, இரண்டாவது விரல் மேலேறிவிட்டது, தோல் திரும்பத் திரும்ப உடைகிறது என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அழகுக்காக மட்டும் செய்துகொள்ளும் ஆபரேஷன் அல்ல இது. வலியில்லாத காலுக்கு வலியை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு.

எக்ஸ்-ரே நின்றபடி எடுக்க வேண்டும். படுத்து எடுத்த படத்தில் எடை இறங்காததால் கோணம் குறைவாகத் தெரியும். எடுப்பவர் மேசையில் படுக்கச் சொன்னால் வாய்விட்டுக் கேளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: புடைப்பை மட்டும் சீவுகிறீர்களா, எலும்பை வெட்டி நேராக்குகிறீர்களா? சீவுவது மட்டும் என்றால், விலகிய எலும்பு விலகியபடியே இருப்பதால் புடைப்பு திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். லேசான கோணத்துக்கு நீள எலும்பின் தலைப்பக்கம் வெட்டுவார்கள், பெரிய கோணத்துக்கு நடுவில் அல்லது அடியில். நீள எலும்பின் பின்முனை நடுப்பாதத்தோடு சேரும் மூட்டு ஆட்டம் காணும் சிலருக்கு அந்த மூட்டையே இணைத்துவிடுவார்கள். திருகாணி போட்டு நிறுத்துவது வழக்கம். மரத்துப்போதல், மூட்டு விறைப்பு, தொற்று, மறுபடி சாய்தல் ஆகியவை நேரலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டிய எலும்பு சேர ஏறக்குறைய ஆறு வாரம். அதுவரை அடிப்பகுதி வளையாத தனிச் செருப்பு. முதல் இரண்டு வாரம் கால் உயரத்திலேயே இருக்க வேண்டும், புண் ஆறுவது இதைப் பொறுத்தது. வீக்கம் முழுக்க வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். புகைபிடித்தால் எலும்பு சேர்வது தாமதமாகும், முன்கூட்டியே நிறுத்த வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தபின்தான் தேதி வாங்க வேண்டும்.

வீட்டை முன்னாலேயே தயார் செய்யுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறையில் உட்கார்ந்து எழும்போது முன்பாதத்தில் எடை விழும், ஆறு வாரத்துக்கு அது முடியாது. மேற்கத்திய கழிப்பறையோ, மேலே வைக்கும் நாற்காலியோ தேவை. குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கட்டு நனையாமல் சுற்ற பிளாஸ்டிக் பை, கீழ்த்தளத்தில் படுக்கை. வண்டி ஓட்டுவது மருத்துவர் சரி என்ற பிறகு, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து. வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகும் நேர்த்தி இருந்தால், அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மெட்டியைக் கழற்றச் சொல்வார்கள். திரும்பப் போடுவது வீக்கம் முழுக்க வடிந்தபின்தான். அப்போதும் பழைய மெட்டியை அப்படியே மாட்டாமல், சற்றுத் தளர்த்தி, விளிம்பை வழவழப்பாக்கித் தரச் சொல்லிப் போடுங்கள்.